சொந்த சீட் இல்லாத ஆபீஸில் முதல் மாதம்: கோவைக்கு வேலைக்கு வருபவர்களுக்கு

கோவையில் சரவணம்பட்டி, கீரணத்தம், பீளமேடு பக்கம் ஐ.டி. வேலைக்குச் சேருகிறவர்கள் பலருக்கு இப்போது தனி சீட் கிடைப்பதில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஆபீஸுக்கு வந்தால் போதும் என்று ஆன பிறகு, ஆளுக்கொரு மேசை போட்டு வைப்பது வீண் செலவு என்று கம்பெனிகள் கணக்குப் போட்டுவிட்டன. காலையில் வந்து காலியாக இருக்கும் இடத்தில் லேப்டாப்பைத் திறக்க வேண்டும், மாலையில் எல்லாவற்றையும் பையில் அள்ளிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஹாட் டெஸ்க், ஷேர்டு சீட்டிங், ஃப்ளெக்ஸி சீட் என்று கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும், விஷயம் ஒன்றுதான்.

படிப்பை முடித்துவிட்டு கோபி, உடுமலை, தாராபுரம் பக்கமிருந்து நேராக வருகிற பிள்ளைகளுக்கும், சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ மாறி வருகிறவர்களுக்கும் இது முதலில் சிரமமாகத்தான் இருக்கும். வேலையைக் கற்றுக்கொள்ளும் பதற்றத்தோடு, இன்றைக்கு எங்கே உட்காருவது என்ற பதற்றமும் சேர்ந்துகொள்கிறது. புதியவர்கள் வேலையில் திணறுவதைவிட இதில் திணறுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கம்பெனி தரும் பயிற்சியில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது.

சேரும் முன்பே கேட்டு வையுங்கள்

சேரும் தேதி முடிவானதும் ஹெச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். சீட்டை செயலியில் முன்பதிவு செய்ய வேண்டுமா, முதலில் வருகிறவர்களுக்கு முதல் இடமா? உங்கள் டீமுக்கென்று தனிப் பகுதி உண்டா? எல்லா மேசையிலும் மானிட்டர் இருக்கிறதா? எந்தக் கிழமைகளில் கட்டாயம் வர வேண்டும்? சாமான் வைக்க லாக்கர் தருவார்களா? இதையெல்லாம் கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். கேட்டால் சொல்வார்கள்.

லாக்கர் விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். 1990-களின் நடுவில் லாஸ் ஏஞ்சலஸில் ஷையட்/டே என்ற விளம்பர நிறுவனம் யாருக்கும் தனி மேசை இல்லாத ஆபீஸை நடத்திப் பார்த்தது. காலையில் கவுண்டரில் லேப்டாப்பையும் போனையும் வாங்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்பது ஏற்பாடு. எல்லோருக்கும் போதுமான லேப்டாப் இல்லை, கோப்புகளை வைக்கவும் சரியான இடமில்லை. காலையில் வாங்கியதை மாலையில் திருப்பித் தராமல் ஒளித்து வைக்க ஆரம்பித்தார்கள். வேலைக் காகிதங்களைக் கார் டிக்கியில் வைத்துக்கொண்டு அலைந்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நிறுவனம் அந்த ஏற்பாட்டையே கைவிட்டது. மேசை இல்லாவிட்டாலும் மனிதர் சமாளித்துவிடுவார், தன் சாமானைப் பூட்டி வைக்க ஓர் இடம் இல்லாவிட்டால் சமாளிக்க முடியாது. லாக்கர் உடனே இல்லை என்று சொன்னால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதச் சொல்லுங்கள்.

வீடு பார்க்கும்போதும் சீட்டை மனதில் வையுங்கள். சத்தி ரோட்டில் கணபதியிலிருந்து சரவணம்பட்டி வரை காலை ஒன்பது மணி வாக்கில் வண்டி ஊர்ந்துதான் போகும். மேட்டுப்பாளையத்திலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் ரயிலில் வருகிறவர்கள் ரயில் வரும் நேரத்துக்குத்தான் வர முடியும். முதலில் வருகிறவருக்கு முதல் இடம் என்ற கம்பெனியில் இவர்களுக்குத் தினமும் மிச்சம் மீதிதான் கிடைக்கும். நீங்களும் வெளியூரிலிருந்து வந்து போகிறவர் என்றால், டீம் தலைவரிடம் முதல் வாரமே சொல்லிவிடுங்கள். முன்பதிவுச் செயலி இருந்தால் முந்தின நாள் இரவே பதிவு செய்துவிட்டுத் தூங்குங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்

சார்ஜர், சொந்த மவுஸ், காதில் மாட்டும் ஹெட்செட், மேசை துடைக்க ஈரத் துணி அல்லது டிஷ்யூ, தண்ணீர் பாட்டில், ஏசிக்கு ஒரு மெல்லிய சால்வையோ ஸ்வெட்டரோ. கோவையில் வெளியே இதமாக இருக்கும் டிசம்பர் மாதத்திலும் உள்ளே ஏசி அப்படியே ஓடும். வேறொன்றும் வேண்டாம்.

எங்கே உட்காருவது

முதல் மாதம் வசதியைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள். உங்களுக்கு வேலை சொல்லிக் கொடுக்கிறவர் எங்கே உட்காருகிறாரோ அவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். தனி சீட் இருந்த காலத்தில் புதிதாகச் சேர்ந்தவரை சீனியர் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். பக்கத்துத் திரையைப் பார்த்தும், அவர் போனில் பேசுவதைக் கேட்டும் பாதி வேலை தானாக வந்துவிடும். இப்போது அதை நீங்களே தேடிப் போக வேண்டும். மாலை கிளம்பும்போது, “அண்ணா, நாளைக்கு எங்க உக்காருவீங்க? நானும் பக்கத்துலயே உக்காந்துக்கட்டுங்களா?” என்று கேளுங்கள். மாட்டேன் என்று சொல்கிறவர்கள் மிகக் குறைவு. மாறாக, கண்ணாடி ஓரம், மூலை, கேண்டீன் பக்கம் என்று நல்ல இடமாகத் தேடித் தனியே போய் உட்கார்ந்த புதியவர்கள் மூன்று மாதம் கழித்தும் சின்னச் சின்ன சந்தேகத்துக்கெல்லாம் சாட்டில் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள்.

வேலை ஓரளவு பிடிபட்ட பிறகு இடத்தைப் பாருங்கள். மேற்குப் பார்த்த ஜன்னல் காலையில் அழகாக இருக்கும், மூன்று மணிக்கு மேல் திரையில் ஒன்றும் தெரியாது. ஏசி காற்று நேராகத் தலையில் இறங்கும் இடம், பேன்ட்ரிக்குப் போகிற வழி, பிரிண்டர் பக்கம், மீட்டிங் அறைக் கதவுக்கு எதிரே, இவை நான்கும் ஆகாது. பையைப் பிரிக்கும் முன் பிளக் பாயின்டில் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். மானிட்டர் கேபிளும் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் பரப்பிய பிறகு கரண்ட் வரவில்லை என்று தெரிந்தால், அதற்குள் பக்கத்து நல்ல சீட்டுகளில் ஆள் உட்கார்ந்திருப்பார்கள்.

உட்கார்ந்ததும் நாற்காலிக்கு இரண்டு நிமிடம் கொடுங்கள். முந்தின நாள் அதில் ஆறடி ஆள் உட்கார்ந்திருக்கலாம். பாதம் தரையில் முழுதாகப் படிய வேண்டும், முழங்கை மேசை மட்டத்தில் ஏறக்குறைய செங்கோணமாக மடங்க வேண்டும், திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், கை நீட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இருபது அடி தள்ளியிருக்கும் எதையாவது இருபது நொடி பாருங்கள் என்று கண் மருத்துவர்கள் சொல்வதைக் கடைப்பிடியுங்கள். ஒரே நாற்காலியில் வருடக்கணக்கில் உட்காருகிறவருக்கு அது அவர் உடம்புக்கு ஏற்றபடி அமைந்துவிடும். உங்களுக்கு அது தினமும் புது நாற்காலி. இதை அலட்சியம் செய்கிறவர்களுக்குத்தான் கழுத்துவலி வருகிறது.

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற பழக்கத்தை ஆபீஸுக்குக் கொண்டு வர வேண்டாம். வராத நண்பருக்காகப் பக்கத்து மேசையில் பை வைப்பது, சால்வையை நாற்காலியில் போட்டுவிட்டு அரை நாள் வேறு தளத்தில் மீட்டிங்கில் இருப்பது எல்லாம் அதே ரகம்தான். யாரும் நேரில் சண்டைக்கு வர மாட்டார்கள். ஆனால் இன்னாருக்கு இந்தப் பழக்கம் என்று தளம் முழுக்கத் தெரிந்துவிடும். வராத நாளில் முன்பதிவை ரத்து செய்ய மறப்பதும் அப்படித்தான்.

எழுதாத பட்டா

யாருக்கும் தனி சீட் இல்லை என்று விதி சொன்னாலும், எல்லா ஆபீஸிலும் சில சீட்டுகளுக்குச் சொந்தக்காரர் உண்டு. அந்தத் தூண் ஓரத்து மேசையில் ஒரு சீனியர் பல வருடமாக உட்காருவார். அவருக்கு அந்த இடம் பழகிவிட்டது, மற்றவர்களும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். புதியவர் முதல் நாளே விதியைக் காட்டி அங்கே உட்கார்வது சரிதான், ஆனால் தேவையில்லை. உட்காரும் முன் பக்கத்தில் இருப்பவரிடம், “ஏனுங்க, இங்க யாராச்சும் உக்கார்றாங்களா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கொங்குப் பக்கத்தில் இந்த ஒரு கேள்விக்கு நல்ல மதிப்பு உண்டு. “இல்லீங்க, உக்காருங்க” என்று வந்துவிட்டால் அதற்குப் பிறகு யார் வந்தாலும் அவரே உங்களுக்காகப் பேசுவார்.

நீங்கள் பதிவு செய்த சீட்டில் வேறொருவர் இருந்தால்? விட்டுக்கொடுத்துவிட்டு வேறு இடம் தேடுவதை நான் சொல்ல மாட்டேன்; ஒரு முறை விட்டால் அது வழக்கமாகிவிடும். செயலியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, “தப்பா நெனைக்காதீங்க, இந்த சீட்டு எம்பேர்ல புக் ஆயிருக்குதுங்க. ஒருவேளை நான்தான் மாத்திப் பாத்துட்டனான்னு சித்தெ பாத்துச் சொல்லுங்க” என்று கேளுங்கள். எதிரில் இருப்பவர் முகம் கெடாமல் எழுந்து போக இதில் வழி இருக்கிறது. அவர் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தால் முடியும்வரை பொறுங்கள்.

பேச்சில் ‘ங்க’வை விடாதீர்கள். ஐ.டி. கம்பெனியில் மேலாளரைக்கூடப் பேர் சொல்லிக் கூப்பிடலாம், ‘சார்’ வேண்டாம் என்பார்கள். அதை ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் பேரைச் சொல்லிவிட்டு “வாங்க, சொல்லுங்க” என்று முடியுங்கள். இங்கே தன்னைவிட இளையவரையும், வீட்டுப் பிள்ளைகளையும்கூட ‘வாங்க போங்க’ என்று பேசுகிறவர்கள் நிறைய. வேறு ஊரில் நட்பின் அடையாளமாக இரண்டாம் நாளே ‘வா, போ’ என்று இறங்கிவிடுவது சகஜமாக இருக்கலாம், இங்கே அது சற்றுச் சுருக்கென்று படும். தளத்தைச் சுத்தம் செய்கிற அக்காவுக்கும் வாசலில் நிற்கிற செக்யூரிட்டி அண்ணாவுக்கும் இதே மரியாதை. எந்த மேசை பிளக் வேலை செய்யவில்லை, எந்த நாற்காலி உடைந்தது என்று அந்த அக்காவுக்குத்தான் முதலில் தெரியும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். புதிதாகப் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் “எந்த ஊருங்க?” என்பது இங்கே சாதாரண விசாரிப்பு. பெரும்பாலும் அன்பாகத்தான் கேட்பார்கள். சிலர் அதோடு நிற்காமல், ஊரில் யார் வீடு, குலதெய்வம் எது என்று போவார்கள். கேள்வி சாதியை நோக்கிப் போகிறது என்பது இருவருக்கும் தெரியும். நீங்கள் ஊர்ப் பேரோடு நிறுத்திக்கொள்ளலாம். “காங்கேயம் பக்கமுங்க” என்று சொல்லிவிட்டு வேலைப் பேச்சுக்கு வாருங்கள். மழுப்புவதாக நினைத்து வருந்த வேண்டாம், பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. நீங்களும் யாரிடமும் அப்படிக் கேட்காதீர்கள். பதிலைத் தெரிந்துகொண்டு ஒருவர் உங்கள் பக்கத்தில் உட்காருவதையோ உங்களோடு சாப்பிடுவதையோ தவிர்த்தால், ஏதேனும் சொல்லிக் காட்டினால், தேதியோடு குறித்து வைத்து ஹெச்.ஆருக்கு எழுத்தில் கொடுங்கள். இதைப் பொறுத்துப் போவதில் பெருந்தன்மை எதுவும் இல்லை.

சத்தம், சாப்பாடு

ஹெட்செட் மாட்டிக்கொண்டால் நம் குரல் நமக்கே சரியாகக் கேட்காது, அதனால் சத்தமாகப் பேசுவோம். ஒரு காதை மட்டும் திறந்து வைத்துப் பேசினால் குரல் தானாக இறங்கும். ஸ்பீக்கரில் போட்டுப் பேசவே கூடாது. வீட்டிலிருந்து போன் வந்தால் படிக்கட்டுப் பக்கம் போய்விடுங்கள். எழுந்து போகும் ஒவ்வொரு முறையும் விண்டோஸ் பட்டனையும் ‘எல்’ எழுத்தையும் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டுங்கள். பக்கத்தில் இன்று யார் உட்கார்ந்திருக்கிறார் என்றே தெரியாத இடம் இது.

சாப்பாட்டைச் சீட்டில் வைத்துத் தின்னாதீர்கள். நீங்கள் போன பிறகு அந்த மேசைக்கு வருகிறவருக்கு ரசத்தின் கறை எதற்கு? கருவாட்டுக் குழம்பை மூடிய அறை மைக்ரோவேவில் சுட வைப்பதைத் தவிருங்கள். காலையிலேயே சூடாக ஹாட் பாக்ஸில் போட்டு எடுத்து வந்தால் சிக்கல் இல்லை. மற்றபடி அசைவம் கொண்டு வருவதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. பகிர்ந்துகொள்ளும்போது முதலில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். மதியம் கேண்டீனில் யாராவது போசியை (சாப்பாட்டுப் பாத்திரத்தை)த் திறந்து அரிசிம்பருப்பு சாதத்தை உங்கள் தட்டில் வைத்தால், வேண்டாம் என்று சொல்லாமல் ஒரு வாயாவது சாப்பிடுங்கள். அடுத்த நாள் நீங்கள் எதையாவது கொண்டு போங்கள்.

டீக்குப் போங்கள்

2018-ல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், தடுப்புகளை எடுத்துவிட்டுத் திறந்த அரங்கமாக மாற்றிய இரண்டு நிறுவனங்களில் ஊழியர்களின் பேச்சைக் கருவி மாட்டி அளந்து பார்த்தார்கள். நேருக்கு நேர் பேசுவது கூடும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, சுமார் 70 சதவீதம் குறைந்தது. மின்னஞ்சலும் சாட்டும் கூடின. எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருக்கும்போது மனிதர்கள் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு தங்களைச் சுற்றித் தாங்களே சுவர் எழுப்பிக்கொள்கிறார்கள். சீட்டும் தினம் மாறினால் கேட்கவே வேண்டாம், ஒரே டீமில் இருப்பவர்கள் மூன்று மூலையில் கிடப்பார்கள்.

கோவையில் இதற்கு மருந்து பேக்கரி. இங்கே டீக்கடை என்பதே பெரும்பாலும் பேக்கரிதான். பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் கம்பெனி வாசலுக்கு எதிரே டீயும் பப்ஸும் தேங்காய் பன்னுமாகக் கூட்டம் நிற்கும். எந்த ப்ராஜெக்ட் முடியப் போகிறது, எந்தக் குழுவில் ஆள் எடுக்கிறார்கள், அடுத்த வாரம் எந்தத் தளத்தில் வேலை நடக்கிறது, இதெல்லாம் அங்கேதான் முதலில் தெரியும். டீ குடிக்கும் பழக்கம் இல்லாவிட்டால் பால் வாங்கிக் குடியுங்கள். கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காமல், “டீக்குப் போறீங்களா? நானும் வர்றனுங்க” என்று எழுந்துவிடுங்கள். இன்றைக்கு ஒருவர் காசு கொடுத்தால் இன்னொரு நாள் நீங்கள் கொடுங்கள். சம்பளம் வராத முதல் மாதத்தில் யாரும் உங்களைக் கொடுக்க விட மாட்டார்கள், ஆனாலும் கையை நீட்டுங்கள்.

ஊர் நோம்பிகளின் (திருவிழாக்களின்) தேதிகளையும் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் சில நாள் இருக்க மாட்டார்கள்; சித்திரை வைகாசியில் மாரியம்மன் நோம்பிக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாரம் ஊருக்குப் போவார்கள். உங்கள் ஊர்த் தேதியை முன்னாலேயே சொல்லி வைத்தால் மாற்று ஆள் எளிதாகக் கிடைப்பார்.

திருப்பூர், ஈரோடு பக்கம் சேருகிறவர்களுக்கு

பனியன் ஏற்றுமதி ஆபீஸ்களில் செயலியும் முன்பதிவும் பெரும்பாலும் இருக்காது. ஆடை வாங்கும் பையருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் நான்கைந்து பேர் ஒரே நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். மேசை முழுக்கத் துணிச் சாம்பிளும் கலர் கார்டும் பட்டன் பாக்கெட்டும் கிடக்கும். இங்கே இடத்தைவிடச் சாம்பிள்தான் முக்கியம். மற்றவர் ஸ்டைலின் (ஆடை வடிவத்தின்) சாம்பிளை ஒதுக்கி வைத்துவிட்டு உட்காராதீர்கள், கேட்டுவிட்டு அவர் கையாலேயே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு சாம்பிள் மாறிப் போனால் பையரின் ஒப்புதல் தள்ளிப் போகும், ஷிப்மென்ட் தேதி இடிக்கும். உங்கள் ஸ்டைல் எண்ணை எழுதிய ஒரு மூடி போட்ட டப்பா முதல் நாளே வாங்கிக்கொள்ளுங்கள். சனிக்கிழமையும் வேலை உண்டு. பல யூனிட்டுகளில் தொழிலாளர்களுக்கு அன்றுதான் வாரச் சம்பளம் என்பதால், அன்று மாலை அக்கவுண்ட்ஸ் பக்கம் வேறு வேலைக்காகப் போய் நிற்காதீர்கள்.

நிரந்தர சீட் கேட்க வேண்டிய நேரம்

கர்ப்பமாக இருக்கிறீர்கள், முதுகில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது, காது சரியாகக் கேட்காது, சக்கர நாற்காலியில் வருகிறீர்கள் என்றால் தினமும் சீட் தேடி அலைய வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அவரவர் தேவைக்கேற்ற நியாயமான வசதியைப் பற்றிப் பேசுகிறது. தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை வசதி வேண்டும் என்று ஆக்கினார்கள். துணிக்கடை, நகைக்கடைகளில் நாள் முழுக்க நின்ற பெண்களை மனதில் வைத்துக் கொண்டு வந்த திருத்தம் அது. காலையில் வந்து உட்கார இடமே இல்லாமல் கேண்டீனில் வேலை பார்க்கும் நிலை அடிக்கடி வந்தால், அது உங்கள் குறையல்ல, ஏற்பாட்டின் குறை. எந்தெந்த நாள் இடம் கிடைக்கவில்லை என்று எழுதி டீம் தலைவருக்குக் கொடுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. எங்கே உட்கார்ந்தாலும் ஒரே ஆள் தினமும் பக்கத்தில் வந்து உட்காருவதும், செயலியில் உங்கள் பதிவைப் பார்த்து அடுத்த சீட்டைப் பதிவு செய்வதும் சில இடங்களில் நடக்கிறது. தற்செயல் என்று உங்களையே சமாதானப்படுத்திக்கொள்ள வேண்டாம். முதல் வேலையாகச் செயலியில் உங்கள் பெயர் மற்றவர்களுக்குத் தெரியாமல் மறைக்க முடியுமா என்று பாருங்கள். பதிவுத் திரையைப் படம் பிடித்து வையுங்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் பாலியல் தொல்லைப் புகார்களுக்கு உள்ளகக் குழு இருக்க வேண்டும்; புகாரை, கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். அதைவிடச் சிறிய நிறுவனம் என்றால் மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் போகலாம்.

நிரந்தர சீட் கேட்கும் மின்னஞ்சலில் நீளமாகக் காரணம் எழுத வேண்டியதில்லை. என்ன சிரமம், எந்தத் தளத்தில் எந்த மாதிரி சீட் வேண்டும், எந்தத் தேதியிலிருந்து, எவ்வளவு காலத்துக்கு, இவ்வளவு போதும். மருத்துவச் சான்று இருந்தால் இணையுங்கள். ஹெச்.ஆருக்கு அனுப்பி டீம் தலைவருக்கு நகல் போடுங்கள். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் அதே மின்னஞ்சலுக்குக் கீழேயே நினைவூட்டல் எழுதுங்கள்; புதிதாக ஒன்றைத் தொடங்கினால் முதலில் கேட்ட தேதி கண்ணில் படாமல் போய்விடும்.